ஆதி பஹாயிக் குடும்பங்களின் வமிச சரித்திரம்

பஹாயி இலக்கியத்தில் வமிச ஆராய்ச்சி என்று சொல்லத்தக்க முயற்சி முதலில் தோன்றியது சரித்திர ஆசையினால் அன்று. ஒரு வாதத்துக்குச் சாட்சி தேடவேண்டியிருந்த அவசியத்தினால். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரசீகத்து யஜ்து நகரத்திலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் வாழ்ந்த ஜொராஸ்திரியர்களுள் பலர் இப்புதிய சமயத்தின்பால் ஈர்க்கப்பட்டனர். தங்கள் முன்னோர் எதிர்நோக்கிய ஷா பஹ்ராம் பண்டை அரச குலத்தில் உதிப்பார் என்பது அவர்களுடைய நம்பிக்கையாதலின், இச்சமயத்தை நிறுவிய பஹாவுல்லாவின் குலம் எதுவென்று அவர்கள் வினவினார்கள். பம்பாய்ப் பார்ஸிகளின் பிரதிநிதியாகத் தெஹ்ரானில் இருந்த மானக்ஜி லிம்ஜி ஹதாரியாவிடம் சில காலம் காரியதரிசியாகப் பணிபுரிந்தவரும், பழைய நூல்களில் ஆழ்ந்த பயிற்சியுடையவருமான மிர்ஸா அபுல் ஃபஸ்ல், இவ்வினாவுக்கு விடையாகவே ஒரு நூல் எழுதி, மாஸந்தரான் நாட்டு நூர் பகுதியின் அந்தக் குடும்பத்தைச் சாஸானிய மரபின் கடைசி மன்னனாகிய மூன்றாம் யஜ்தகிர்து வரையில் கொண்டுசென்றார்.

அக்கொடிவழியில் எத்தனை கண்ணிகள் உறுதியானவை என்பது இங்கே நமது கேள்வி அன்று. யஜ்தகிர்து மாண்டது 651இல்; பஹாவுல்லா பிறந்தது 1817இல்; இடைப்பட்ட பதினொன்றரை நூற்றாண்டு தந்தையிடமிருந்து மகனுக்கு என்ற ஒரே கோட்டில் ஓடுகிறது. தாயர் இல்லை, உடன்பிறந்தார் இல்லை, கொண்டுகொடுத்த குடும்பங்கள் இல்லை. குலப்பெருமையை நிலைநாட்டப் புகுந்த நூலில் இவை இல்லாதது வியப்பன்று. ஆயினும், இச்சமயம் முதல் தலைமுறையில் எவ்வாறு பரவிற்று என்று ஆராய்வோர்க்கு, விடுபட்ட அந்த உறவுகளே முதன்மையான ஆதாரங்களாகும் என்பது என் கருத்து.

ஷீராஸ் நகரத்தில் 1844ஆம் ஆண்டு மே மாதத்தில், பஹாவுல்லாவுக்கு முன்னோடியான பாப் தம்மை வெளிப்படுத்தியபின் அவரை முதன்முதலில் ஏற்ற பதினெண்மரின் பட்டியலை எடுத்துக்கொள்வோம். பக்தியோடு ஓதப்படும் அப்பெயர்வரிசையில், புஷ்ரூயே ஊரினரான முல்லா ஹுசைனை அடுத்து வரும் இருவரில் ஒருவர் அவருடைய தம்பி, மற்றவர் நெருங்கிய உறவினர். கஸ்வீன் நகரத்து மிர்ஸா ஹாதியும் மிர்ஸா முகம்மது அலியும் சகோதரர்கள். அவர்களுள் பின்னவர், வித்துவப் புகழ்பெற்ற பரகானி குடும்பத்தில் பெண் எடுத்தவர். அவர் மனைவியின் சகோதரிதான் தாஹிரே. பதினெண்மருள் பெண் அவர் ஒருவரே என்பதையும், பாபை நேரில் காணாமலே ஏற்கப்பட்டவர் என்பதையும் யாவரும் அறிவர். ஆனால் அவருடைய கடிதத்தைச் சுமந்து சென்றவர் அவருடைய சகோதரியின் கணவர் என்பதைக் குடும்பச் செய்தியாகக் கருதி, நூலாசிரியர்கள் ஒரு வரியில் கடந்து விடுகிறார்கள். அந்தச் சம்பந்தம் இல்லாதிருப்பின் அக்கடிதம் போய்ச் சேர்ந்திருக்குமா என்று கேட்க வேண்டாமா?

இதற்கடுத்த காலத்து ஏடுகள் தியாகிகளின் சரிதங்கள். 1848 அக்டோபர் தொடங்கி மறு ஆண்டு மே வரை, பாபைப் பின்பற்றிய பாபிகள்மீது ஷேக் தபர்ஸி கோட்டையில் நடந்த முற்றுகையும், நைரீஸ், ஜஞ்ஜான் ஆகிய ஊர்களில் நிகழ்ந்த போர்களும் இறந்தோர் பட்டியல்களைத் தந்தன. இப்பட்டியல்களில் ஒருவனுடைய ஊரும் தொழிலும் மரணமும் கிடைக்கும். குடும்பம் கிடைப்பது அரிது. தபர்ஸியில் இருந்தோர் 313 பேர் என்ற மரபுக் கணக்கையும் நம்பித் தலைகளை எண்ணிவிடலாகாது. பத்ருப் போரில் நபிகளுடன் நின்றோர் தொகை என்று இஸ்லாமிய மரபு சொல்லும் எண் அது. 1983இல் மூஜான் மோமன் இத்தகைய பட்டியல்களை ஒப்பிட்டு, பாபிகள் எந்தெந்தத் தொழிலினர், எந்தெந்த ஊரினர் என்று ஆராய்ந்தபோதுதான், மடிந்தவர் என்ற நிலையிலிருந்து சமூகத்தில் வாழ்ந்தவர் என்ற நிலைக்கு அவர்கள் உயர்ந்தார்கள். நைரீஸ் போருக்குப் பின் சிறைப்படுத்தி ஷீராஸுக்கு நடத்திச் செல்லப்பட்ட பெண்களிலோ பெரும்பாலார் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்ற அளவிலேயே நிற்கின்றனர்.

இவ்விருளுக்கு நடுவே தெளிவாக விளங்கும் குடும்பம் அஃப்னான் குடும்பமே. பாரசீகத்தில் குலம் தந்தைவழியே எண்ணப்படும். ஆனால் பாபுக்கும் அவர் மனைவி கதீஜே பேகத்துக்கும் பிறந்த ஒரே குழந்தை சிசுப் பருவத்திலேயே இறந்தமையால், அவர் பெயரைச் சொல்ல நேர் சந்ததி இல்லை. அஃப்னான் என்ற சிறப்புப் பெயர் அவருடைய தாயின் சகோதரர் வழியினர்க்கும் மனைவியின் சகோதரர் வழியினர்க்குமே உரியதாயிற்று. ஆதலால் இவ்வமிசத்தின் நடுவே நிற்பவர்கள் தாய்மாமன்மார். இளமையிலேயே தந்தையை இழந்த பாபை வளர்த்தவர் மூத்த தலைமுறை வர்த்தகரான ஹாஜி மிர்ஸா சையிது அலி. மருமகனை மறுத்துரைக்க மறுத்து 1850இல் தெஹ்ரானில் தலைகொடுத்தவரும் அவரே. அவருடைய சகோதரர் ஹாஜி மிர்ஸா சையிது முகம்மதுக்கோ, தம் வீட்டில் வளர்ந்த பிள்ளையா எதிர்பார்க்கப்பட்ட மகான் என்ற ஐயம் பல ஆண்டு நீங்கவில்லை. பாக்தாதில் பஹாவுல்லாவிடம் தம் கேள்விகளை எழுதிக் கொடுத்தார். அவற்றுக்கு விடையாக எழுந்ததுதான் கித்தாபே ஈக்கான். சமயத்தின் தலையாய நூல்களுள் ஒன்று ஒரு தாய்மாமனின் மனக்குழப்பத்துக்குக் கிடைத்த விடையாகும். உறவுமுறை அறியாதவன் அந்நூலின் தோற்றத்தையே அறியாதவன் ஆவான்.

அஃப்னான்களின் சரித்திரம் பிழைத்திருப்பதற்குக் காரணம் பக்தி மாத்திரம் அன்று, வியாபாரம். புஷெஹ்ர் துறைமுகம் முதல் பம்பாய், ஹாங்காங் வரை கடைவைத்திருந்த குடும்பம் கடிதம் எழுதாமல் வாழ முடியாது. கடிதம் எழுதுகிறவன் சரக்கின் விலையோடு பிறப்பையும் இறப்பையும் எழுதுகிறான். பம்பாயில் இக்குடும்பத்தினர் நடத்திய அச்சகத்திலிருந்தே பஹாயி நூல்கள் முதன்முதலில் கல்லச்சில் வெளிவந்தன. கஸ்வீன் நகரத்து ஷேக் காஜிம் சமந்தரும் வர்த்தகரே. அவர் தம் ஊரின் குடும்பங்களைப் பற்றி எழுதி வைத்த நினைவுக் குறிப்பு, அவ்வூர்ச் சரித்திரத்துக்கு இன்றளவும் முதல் ஆதாரம். உழவனுக்கும் நெசவாளிக்கும் இத்தகைய ஏடு வாய்க்கவில்லை. அஃப்னான்களைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் விரிவாக எழுதிய ஹசன் பால்யூஜியும் அதே வமிசத்தவர் என்பதை வாசகர் மறக்கலாகாது. உள்வீட்டுச் செய்தி அவருக்குக் கிடைத்தது. அதே காரணத்தால், வீட்டார் சொல்ல விரும்பாததை அவர் நூலில் தேடுவது வீண்.

பால்யூஜி என்ற பெயரே அடுத்த சிக்கலைக் காட்டுகிறது. பாரசீகத்தில் 1925 வரையில் பெரும்பாலார்க்குக் குடும்பப் பெயர் என்பது கிடையாது. ஒருவர் ஹஜ்ஜுக்குப் போனால் ஹாஜி, கர்பலாவுக்குப் போனால் கர்பலாயி. எழுதப் படிக்கத் தெரிந்தவரின் பெயர்க்கு முன் மிர்ஸா, அரசகுமாரனாயின் அதே மிர்ஸா பெயர்க்குப் பின். பிரயாணமும் படிப்பும் பட்டமும் கூடக் கூடப் பெயர் மாறிக்கொண்டே போகும். அவ்வாண்டில் ரிஜா கானின் அரசாங்கம் பட்டங்களை ஒழித்து, ஒவ்வொருவரும் குடும்பப் பெயர் பதிவு செய்யவேண்டும் என்று சட்டம் செய்தது. சிலர் பஹாவுல்லா தம் முன்னோர்க்கு அளித்த சிறப்புப் பெயரைப் பதிந்தனர். சமந்தரி என்பது அத்தகையது. வேறு சிலர் ஊரையோ தொழிலையோ பதிந்தனர். ஆகவே பெயர் ஒன்றாயிருப்பதால் உறவென்றோ, வேறாயிருப்பதால் உறவில்லை என்றோ துணிய இயலாது. பஹாவுல்லாவின் மகனான அப்துல் பஹா தம் பேரன் ஷோகி எஃபெண்டிக்கு ரப்பானி என்ற பெயரை இட்டதே, அஃப்னான் என்று வழங்கிய மற்றப் பேரப்பிள்ளைகளோடு அவரை மயங்காதிருக்கும் பொருட்டேயாம்.

காலக் கணக்கும் அவ்வாறே தொல்லை தருவது. சந்திர மாத ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவானது. எழுபது வயதில் இறந்தார் என்று பழைய குறிப்புச் சொன்னால், நம் கணக்கில் அவருக்கு அறுபத்தெட்டு நிரம்பவில்லை. 1844இல் தொடங்கி, 19 நாள் கொண்ட 19 மாதங்களாக எண்ணப்படும் பஹாயி ஆண்டும், பாரசீக அரசு 1925இல் ஏற்ற சூரிய ஆண்டும் இதனோடு சேர, ஒரே குடும்பத்தின் காகிதங்களில் மூன்று முறைகள் கலந்து கிடக்கும்.

அமெரிக்காவுக்குச் சென்றால் நிலை வேறு. அங்கே அரசாங்கத்தின் சமயக் கணக்கெடுப்பு 1906இல் 1,280 பஹாயிகளையும், 1916இல் 2,884 பேரையும் காட்டுகிறது. 1930களின் நடுவில் அந்நாட்டுப் பஹாயி தேசிய சபை உறுப்பினர்க்குச் சரித்திரப் பதிவு அட்டைகளை அனுப்பி, பிறந்த ஊர், இனம், முந்திய சமயம், ஏற்ற ஆண்டு ஆகியவற்றை எழுதி வாங்கியது. இவ்வேற்பாடு போற்றத்தக்கதே, ஆயினும் அட்டை தனி மனிதனுடையது, வீட்டினுடையது அன்று. சமயக் கோட்பாடும் அதற்கு இசைந்ததே. பெற்றோர் பஹாயிகளாயினும் பிள்ளை பதினைந்து வயதில் தானே தெரிந்து ஏற்கவேண்டும் என்பது விதி. அங்கு முதலில் ஏற்ற தார்ன்டன் சேஸ் 1847இல் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் பிறந்து, உள்நாட்டுப் போரில் கறுப்பர் படையொன்றில் அதிகாரியாயிருந்தவர். பட்டாள ஏடும் குடிக்கணக்கும் அவர் வாழ்வைத் தொடர உதவுகின்றன. 1898இல் ஹெர்ஸ்ட் சீமாட்டியின் ஊழியராக அக்கா நகரத்துக்குச் சென்று அந்நாட்டுக் கறுப்பரில் முதற் பஹாயியான ராபர்ட் டர்னரைப் பற்றி நாம் அறிவதோ பெரும்பாலும் எஜமானி வீட்டாரும் உடன்சென்ற யாத்திரிகரும் எழுதியவற்றால். அந்நாட்டுக் கறுப்பரின் வமிசத்தைத் தேடுவதும் எளிதன்று: தென் மாகாணங்களின் அடிமைகள் பெரும்பாலாரின் பெயர் 1870ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில்தான் முதன்முதலில் ஏறியது. அதற்கு முன்னர் அவர்கள் எஜமானரின் கணக்கில் வயதும் பாலும் நிறமும் மாத்திரமே.

நம் பக்கத்துக்கும் இவ்வாராய்ச்சியில் பங்குண்டு. பஹாவுல்லா இந்தியாவுக்கு அனுப்பிய ஜமால் எஃபெண்டியைச் சென்னையில் சந்தித்துச் சீடரான சையிது முஸ்தபா ரூமி, அந்நகரத்தில் பிறந்தவர்; தந்தை அரிசி வியாபாரம் செய்தவர். 1878இல் ரங்கூன் சேர்ந்த ரூமி, மாந்தலையில் பளிங்கால் செய்த பேழையைப் பாபின் சரீரத்துக்காக 1899இல் புண்ணிய பூமிக்குக் கொண்டுசென்றவர்களுள் ஒருவர். 1945இல் பர்மாவின் தைதனாவ் கிராமத்தில் கொலையுண்டார். அவருடைய சமயப் பணி விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. சென்னை வீட்டின் கதை அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. அதை எழுதப் புகுவோர் கப்பல் வர்த்தகரின் கணக்குகளையும் பள்ளிவாசல் திருமணப் பதிவுகளையும் தேடவேண்டியிருக்கும். சமய ஏடுகள் அதற்குப் போதா.

பாரசீகத்திலோ தேடும் இடங்களே குறைந்து வருகின்றன. ஷீராஸில் பாபின் வீடு 1979இல் இடிக்கப்பட்டது. தெஹ்ரான் பஹாயி இடுகாடு 1980களின் தொடக்கத்தில் அழிக்கப்பட்டது. ஷீராஸ் இடுகாடு 2014இல் தோண்டப்பட்டது. கல்லறைக் கல் போனபின், வெளிநாடு சென்ற குடும்பங்களின் பெட்டிகளில் உள்ள கடிதங்களும், பின்புறம் பெயரெழுதிய நிழற்படங்களுமே எஞ்சுகின்றன; அவற்றுள்ளும், படத்தில் நிற்கும் பெண்கள் யார் யாருக்கு என்ன உறவு என்று சொல்லத்தக்க முதியோரிடம் முதலில் கேட்டு எழுதிக்கொள்வதே இன்று ஆராய்ச்சியாளர் செய்யவேண்டிய அவசரக் காரியம்.