மந்திரமும் எந்திரமும்

மந்திரத்தால் மாங்காய் விழுமா என்று கேட்பது நம்மவர் வழக்கு. ஆயினும், பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரிவது எங்ஙனம் என்பதை நம்மில் பெரும்பாலோர் அறியோம். அறியாதார்க்கு எந்திரமும் ஒரு மந்திரமே. ஆனால் மந்திரவாதி யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டுவதில்லை. பொறியாளர் காட்டியே தீரவேண்டும். இவ்வேறுபாடு மறைந்தால் நேர்வது யாது என்பதைக் கனடா நாட்டுக் கியூபெக் பாலத்தின் வரலாறு காட்டும்.

செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே ரயில் செல்வதற்கென அப்பாலம் எழலாயிற்று. அதன் ஆலோசகப் பொறியாளர் தியோடர் கூப்பர், அமெரிக்காவில் பாலம் கட்டும் துறையில் பெரும்புகழ் பெற்றவர். அவர் பாலத்தின் நடுக்கண்ணை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டினார். நீளம் கூடியபின் பாலத்தின் சொந்த எடை முறைப்படி மீண்டும் கணக்கிடப்படவில்லை. பிழை வெளிப்பட்டபோது இரும்பு வேலையில் கணிசமான பகுதி முடிந்திருந்தது. பாலம் தாங்கும் என்றே அவர் முடிவு செய்தார். தம் முடிவுகளைப் பிறிதொரு பொறியாளர் சரிபார்ப்பதற்கும் அவர் இசையவில்லை. அவர் பெயரே மந்திரம்போல் நின்றமையால், வற்புறுத்துவாரும் இல்லை.

1907 ஆகஸ்டில் பாலத்தின் அடிப்புற உறுப்புகள் வளைவது தெரிந்தது. வேலைத்தலத்து ஆய்வாளர் நியூயார்க் சென்று கூப்பரிடம் முறையிட்டார். ஆகஸ்ட் 29 அன்று, மேலும் பாரம் ஏற்றலாகாது எனக் கூப்பர் பாலக் கம்பெனிக்குத் தந்தி அடித்தார். அவ்வெச்சரிக்கை வேலைத்தலத்தை எட்டுமுன், அன்று மாலையே பாலம் சரிந்தது. 75 தொழிலாளர் மாண்டனர். அவர்களுள் 30-க்கு மேற்பட்டோர் கானவாகே என்னும் ஒரே ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடியினர். பொறியாளர் இருவரின் கணிப்புப் பிழையே காரணம் என 1908-இல் விசாரணைக் குழு தீர்ப்புரைத்தது.

புதிய பாலம் எழுந்தபோதும், 1916-இல் நடுப்பகுதி தூக்கப்படுகையில் நழுவி வீழ்ந்து 13 பேர் உயிரிழந்தனர். 1917-இல் பணி நிறைவுற்றது. இன்றும் அதன்மேல் ரயில்கள் ஓடுகின்றன.

பின்னர் 1922-இல், டொரான்டோப் பேராசிரியர் ஹால்டெய்ன், பம்பாயில் பிறந்த எழுத்தாளர் கிப்லிங்கை அணுகி, பொறியாளர்க்கென ஓர் உறுதிமொழி எழுதித் தரும்படி வேண்டினார். 1925 முதல் கனடாவில் இளம் பொறியாளர் அவ்வுறுதிமொழி கூறிச் சுண்டுவிரலில் இரும்பு மோதிரம் அணிகின்றனர். இடிந்த பாலத்து இரும்பால் அது செய்யப்பட்டது என்பது வெறுங்கதை. தாயத்து அணிந்தவனைக் காக்கும் என்பர். இம்மோதிரமோ, அணிந்தவர் கைப்பிழையினின்று பிறரைக் காத்தற்பொருட்டு அணியப்படுவது. வரைபடம் தீட்டும் கையிலேயே அதனை அணிவர்.

பாலத்தின்மேல் ரயிலில் செல்லும் குடும்பம் அதன் கணக்கைக் கேட்பதில்லை, நம்பி உறங்குகிறது. நம் காலனிப் பிள்ளைகள் பலர் பொறியியல் பயில விழைகின்றனர். தாம் போட்ட கணக்கைப் பிறர் சரிபார்க்க மனமுவந்து கொடுக்கும் பண்பையும் அவர்கள் உடன் பயில்வாராக. உறங்குவோர் நம்பிக்கைக்கு அதுவே காவல்.