பரிசை நீக்கினால் மிஞ்சுவது என்ன? விளம்பர வீடியோ கேம்களும் வேடந்தாங்கலின் விதியும்

நிறுவனங்கள் தங்கள் சரக்கை விற்பதற்காக வெளியிடும் வீடியோ கேம்கள் மட்டமாக இருப்பதற்குப் பணமும் நேரமும் போதாததே காரணம் என்று சொல்வது வழக்கம். படம் சரியில்லை, பொத்தானை அழுத்தினால் தாமதமாக அசைகிறது, சீக்கிரம் சலித்துவிடுகிறது என்பவை வழக்கமான புகார்கள். புகார்கள் நியாயமானவைதான். ஆனால் ஆட்டத்தின் விதிக்கும் விற்கப்படும் பொருளுக்கும் உறவே இல்லாமல் போவதுதான் அடிப்படைக் கோளாறு என்பது என் வாதம். அந்த வெறுமையைப் பரிசு மறைத்துவிடுகிறது. பரிசுக்குச் சட்டம் குறுக்கே நிற்கும் தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

அடாரி 2600 கருவிக்கு 1983இல் வந்த இரண்டு கேம்களை ஒப்பிடலாம். பியூரினா நிறுவனம் நாய்த்தீனிக்காக வெளியிட்ட ‘சேஸ் தி சக் வேகன்’ கேமில், நாய் ஒன்று புதிர்ப்பாதையில் வழி கண்டுபிடித்து வண்டியை எட்ட வேண்டும். நாய்க்குப் பதில் எலியை வைத்தாலும் ஆட்டம் மாறாது. ஜான்சன் அண்ட் ஜான்சனின் ‘டூத் புரொடெக்டர்ஸ்’ அப்படியல்ல. மேலிருந்து விழும் தின்பண்டங்கள் பல்வரிசையைத் தாக்குகின்றன. தடுக்கத் தவறினால் பல் கெடும். பிரஷும் பல்லிடை நூலும் அதைக் காப்பாற்றும். இரண்டையும் தபாலில்தான் வாங்க முடிந்தது, இரண்டின் படமும் சில சதுரப் புள்ளிகள்தான். வேறுபாடு விதியில் இருக்கிறது. கேம் முதன்மையாகத் தன் செயல்விதிகளால் வாதிடுகிறது என்று கேம் ஆய்வாளர் இயன் போகோஸ்ட் ‘பெர்சுவேசிவ் கேம்ஸ்’ (2007) நூலில் நிறுவியது இங்கே பொருந்துகிறது.

பரமபதம் ஆடியவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. நற்குணக் கட்டத்தில் ஏணி, தீக்குணக் கட்டத்தில் பாம்பு. சொல்ல வந்தது விதிக்குள்ளேயே இருக்கிறது. ஏ.ஆர். முருகதாஸின் இந்தி ‘கஜினி’யையொட்டி ஐதராபாத்தின் எஃப்எக்ஸ் லேப்ஸ் உருவாக்கிய கணினி கேமில் இந்த இணைப்பு நழுவிவிட்டது. கதாநாயகனுக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நினைவு தங்காது என்பதே படத்தின் உயிர். அதை விதியாக்கியிருந்தால் எத்தனை புதிய ஆட்டம் கிடைத்திருக்கும்! கேமோ அடிதடியையும் ஆயுதத்தையும் நம்பி ஐந்து கட்டங்களைக் கடத்தியது.

பரிசுக்கு வருவோம். பொருள் வாங்குவோரிடையே குலுக்கலிலோ வேறு வகையிலோ ஆள் தேர்ந்து பரிசு தரும் திட்டங்களை 1979ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் தடுக்கிறது. அதனால்தான் எத்தனையோ நிறுவனப் போட்டிகளின் விதிமுறையில், தமிழ்நாட்டில் வசிப்போருக்குப் பொருந்தாது என்ற வரி பொடி எழுத்தில் வருகிறது. கூகுள் பே தந்த ஸ்கிராட்ச் கார்டுகளிலும் இந்த விலக்கு இருந்தது. திரையை விரலால் தேய்த்தால் தொகை தெரியும். இதில் ஆடுபவர் முடிவெடுக்க ஏதுமில்லை. 2019 தீபாவளிக்கு அதே செயலி ஐந்து முத்திரைகளைச் சேர்த்தால் 251 ரூபாய் என்றது. ரங்கோலி முத்திரை மட்டும் லேசில் கிடைக்கவில்லை. எது அரிதாக வேண்டும் என்பதை நிறுவனமே தீர்மானித்தது; ஆடுபவரின் திறமைக்கு அங்கே வேலையில்லை. அந்த 251 ரூபாயை எடுத்துவிட்டால் முத்திரை தேட ஒருவருக்கும் காரணம் இராது.

பெயர் மனத்தில் பதிந்தால் போதும், நல்ல ஆட்டம் எதற்கு என்று விளம்பரத் துறையினர் கேட்கலாம். பர்கர் கிங் 2006இல் 3.99 டாலருக்கு விற்ற ‘ஸ்னீக் கிங்’ பெருமளவில் விற்றதும் உண்மை. ஆனால் விற்பனை எண்ணிக்கை வாங்கியதை மட்டுமே சொல்லும், ஆடியதைச் சொல்லாது. ஆடுபவரின் நேரத்தை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒன்றும் தராததை நான் அறக்கேடாகவே கருதுகிறேன்.

நாளை ஒரு நிறுவனம் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தை வைத்துக் கேம் செய்தால், கூழைக்கடா ஒன்று பறந்து நாணயம் பொறுக்கும் என்றுதான் முதலில் தோன்றும். அங்குள்ள ஏரியிலோ ஆட்டத்துக்கான விதி தயாராகவே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால் நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரையும் வக்காவும் நீர்க்காகமும் கூடு கட்டும். இலைகளை வெளுக்கச் செய்யும் எச்சம் நீரில் கரைந்து வயலுக்கு உரமாகும். அதனால் ஊரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளுக்குப் பாதுகாப்புக் கேட்டுப் பெற்ற ஊர் இது. மழை, மௌனம், எச்சம், நெல் என்று ஒன்றையொன்று தாங்கும் நான்கையும் விதியாக்கினாலே நல்ல ஆட்டம் அமையும்.

கூடு கட்டும் ஏரி ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். இரைக்குச் சுற்றுவட்டார ஏரிகளும் வயல்களும் வேண்டும். 1998இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் 5 கி.மீ. ஆரம் கொண்டது. அதை 3 கி.மீ. ஆகச் சுருக்க 2020இல் முன்மொழிவு வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆடுபவர் அந்த வட்டத்தைச் சுருக்கினால் கூட்டில் குஞ்சு குறைய வேண்டும், வட்டத்துக்குள் ஆலை எழுப்பினால் அதன் விளைவும் திரையில் தெரிய வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் எழுத ஒப்புக்கொள்ளாத நிறுவனம் தன் சின்னத்தின் பக்கத்தில் வேடந்தாங்கல் பறவையின் படத்தைப் போடக் கூடாது.