உப்பளத்துக்குப் போன குதிரைப்படை

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-65) என்றதும் நமக்கு ஞாபகம் வருவது லிங்கன்தான். அந்தப் போரில் வடக்கு, அதாவது யூனியன் தரப்பில் சண்டையிட்ட 5வது கறுப்பினக் குதிரைப்படையைப் பற்றி இன்று பார்ப்போம்.

1864ல் கென்டக்கி மாநிலத்தின் கேம்ப் நெல்சன் முகாமில் இந்தப் படைக்கு ஆள் சேர்த்தார்கள். பெரும்பாலானோர் அதுவரை அடிமைகள். கென்டக்கி யூனியனை விட்டுப் பிரியாத மாநிலம். அதனால் லிங்கனின் 1863 விடுதலைப் பிரகடனம் அங்கே செல்லாது! பட்டாளத்தில் சேர்ந்தால் விடுதலை.

அப்போது ஃப்ரிட்ஜ் ஏது? படைக்கான இறைச்சி கெடாமலிருக்க உப்பு வேண்டும். தென் தரப்புக்கு முக்கியமான உப்பு ஆலைகள் விர்ஜீனியாவின் சால்ட்வில்லில் இருந்தன. அவற்றை அழிக்க ஜெனரல் பர்பிரிட்ஜ் சுமார் 5000 பேருடன் கிளம்பினார். இவர்களில் பலரும் கூடவே போனார்கள். பழக்கப்படாத குதிரைகள். கையில் காலாட்படையின் என்ஃபீல்டு துப்பாக்கி. குதிரை மேலிருந்து அதில் குண்டு நிரப்ப முடியாது. வழியெல்லாம் சொந்தத் தரப்பு வெள்ளை வீரர்களே கேலி செய்தார்கள், தொப்பியைப் பிடுங்கினார்கள், குதிரைகளைத் திருடினார்கள்.

1864 அக்டோபர் 2. குதிரையை விட்டிறங்கி மலைச்சரிவில் ஏறித் தாக்கினார்கள். கர்னல் பிரிஸ்பின் அறிக்கைப்படி 400 பேரில் 114 வீரர்களும் 4 அதிகாரிகளும் இறந்தோ காயப்பட்டோ விழுந்தார்கள். திரும்பும் வழியில் யாரும் கேலி செய்யவில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

ஆனால் தோட்டா தீர்ந்துவந்ததால் பர்பிரிட்ஜ் அன்றிரவே பின்வாங்கினார். காயப்பட்ட பலரைத் தூக்கி வர முடியவில்லை. மறுநாள் காலை, நகர முடியாமல் கிடந்த கறுப்பின வீரர்களைத் தென் தரப்பினர் தேடித் தேடிக் கொன்றார்கள். எத்தனை பேர் என்பதில் வரலாற்று ஆசிரியர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை. சாம்ப் ஃபெர்குசன் என்ற கொரில்லாத் தலைவன், இதையும் சேர்த்துப் பல கொலைகளுக்காக 1865 அக்டோபரில் நாஷ்வில்லில் தூக்கிலிடப்பட்டான்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் படை காகிதத்தில் முறைப்படி அமைக்கப்பட்டதே 1864 அக்டோபர் கடைசியில்தான். அதற்குள் இத்தனை சாவு! டிசம்பரில் மறுபடியும் சால்ட்வில் போனார்கள். இந்த முறை ஜெனரல் ஸ்டோன்மேன் தலைமையில் சென்ற படை உப்பு ஆலைகளை நாசம் செய்தது. 1866 மார்ச்சில் படை கலைக்கப்பட்டது.

கேலி நின்றதை வெற்றி என்று சொல்லிவிடலாம். ஆனால் கூட வருபவனின் தொப்பியைப் பிடுங்காமல் இருக்க, அவன் முதலில் குண்டடிபட்டு விழ வேண்டுமா? எனக்கு உறுத்துவது அதுதான்.