கார்பைடு கல்லுல இருந்து எல்இடி வரை: பிக்கப் ஹெட்லைட்டோட கதை

காரவள்ளியில இருந்து கொல்லிமலைக்கு ஏறினா 70 கொண்டை ஊசி வளைவு. பகல்ல போர்டைப் பார்த்து எண்ணிக்கிட்டே வந்துடலாம். ராத்திரியில ஹெட்லைட் எந்த இடத்தைக் காட்டுதோ அதுதான் ரோடு. மிளகு, அன்னாசி, வாழைத்தார்னு சுமை ஏத்திக்கிட்டு இருட்டுல இறங்குற பழைய பிக்கப்புகளுக்கு இப்ப கண்ணைப் பறிக்கிற எல்இடி பல்பு மாட்டுறது வழக்கமாயிடுச்சு. வெளிச்சம் கூடினா நல்லதுதானேன்னு தோணும். ஆனா ஹெட்லைட்டோட வரலாற்றைப் பார்த்தா, வெளிச்சத்தைக் கூட்டின கதை பாதிதான். அதை எதிரே வர்றவன் கண்ணுல படாம அடக்கின கதை மீதிப் பாதி.

கல்லும் தண்ணியும்

நூறு வருசத்துக்கு முன்னால மோட்டார் வண்டிகளுக்கு எண்ணெய் விளக்கும் கார்பைடு விளக்கும்தான். ஒரு டப்பாவுல கால்சியம் கார்பைடு கல்லு, அது மேல சொட்டுச் சொட்டா தண்ணி. அதுல கிளம்புற அசிட்டிலின் வாயு குழாய் வழியா விளக்குக்குப் போய் எரியும். வாழை, மாம்பழத்தைச் சீக்கிரம் பழுக்க வைக்கச் சில பேர் பயன்படுத்தி, அப்புறம் தடை செஞ்சாங்களே, அதே கல்லுதான். ஒவ்வொரு தடவையும் இறங்கிப் போய் தீக்குச்சி கிழிச்சுப் பத்த வைக்கணும்.

1912-ல அமெரிக்காவுல காடிலாக் கம்பெனி, மின்சார ஸ்டார்ட்டரையும் மின்சார விளக்கையும் சேர்த்தே வண்டியில வச்சுக் குடுத்தது. அதுக்கப்புறம் தீக்குச்சி வேலை படிப்படியா ஒழிஞ்சது. புதுத் தொல்லை ஒண்ணும் கூடவே வந்தது. எதிரே வர்றவனுக்குக் கண்ணு கூசிச்சு.

டிம்மும் பிரைட்டும்

அந்தத் தொல்லைக்கு 1924-ல ஜெர்மனியில ஆஸ்ராம் கம்பெனி ஒரு வழி கண்டுபிடிச்சது. பைலக்ஸ்னு பேர் வச்ச பல்பு, ஒரே கண்ணாடிக்குள்ள ரெண்டு இழை. ஒண்ணு பிரைட்டுக்கு, ஒண்ணு டிம்முக்கு. டிம் இழைக்கு அடியில சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு தகடு. ரிஃப்ளெக்டரோட கீழ்ப் பாதிக்கு வெளிச்சம் போகாம அது மறைச்சுடும். அதனால வெளிச்சம் மேல எழும்பாம ரோட்டுல விழும்.

ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல வெட்டின டிம் வெளிச்சத்துல ரோட்டோரம் சரியாத் தெரியல. அதனால 1957 வாக்குல ஐரோப்பாவுல, எதிரே வர்றவன் பக்கம் தாழ்வாவும் ரோட்டோரப் பக்கம் கொஞ்சம் உயர்வாவும் விழுற மாதிரி மாத்தினாங்க. நாம இடப்பக்கம் ஓட்டுறோம். அதனால நம்ம டிம் வெளிச்சம் வலப்பக்கம் சமக்கோடா நின்னு, இடப்பக்கம் சரிஞ்சு மேல ஏறணும். ராத்திரியில ஓரமா நடந்து போறவங்களைக் காட்டுறது அந்த இடப்பக்கத்து ஏத்தம்தான்.

அமெரிக்காவுல 1940-ல இருந்து 7 அங்குல வட்ட விளக்கு பொது அளவாச்சு. பல்பு, ரிஃப்ளெக்டர், கண்ணாடி மூணும் ஒண்ணா அடைச்ச சீல்டு பீம். 1940களின் கடைசியில மகிந்திரா கம்பெனி ஜீப் பூட்ட ஆரம்பிச்சப்போ அந்த வட்ட முகம் நம்ம நாட்டுக்கும் வந்தது. ஜீப் வழியில வந்த பழைய பிக்கப்புகள்ல இன்னைக்கும் அந்த வட்டம் இருக்கு. ஐரோப்பாவுல 1962-ல ஹாலஜன் பல்பு வந்தது. ரெண்டு இழை வச்ச எச்4 பல்பு 1971-ல. அதுலயும் டிம் இழைக்கு அடியில அதே கிண்ணம் இருக்கு.

பாதிக் கருப்பு

நம்ம பக்கம் லாரி, பஸ், அம்பாசிடர் எல்லாத்துலயும் ஹெட்லைட் கண்ணாடியில மேல் பாதிக்குக் கருப்பு பெயின்ட் அடிச்சிருப்பாங்க. நடுவுல கருப்புப் பொட்டு ஒட்டுனதையும் பார்த்திருப்பீங்க. எதிரே வர்றவனுக்குக் காட்டுற மரியாதைன்னு அதைச் சொல்லலாம். சட்டமும் அதையேதான் கேக்குது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 106-வது விதி: விளக்குக்கு 8 மீட்டர் தள்ளி, தரையில இருந்து 1.5 மீட்டர் உயரத்துல கண்ணு இருக்கிறவனுக்குக் கூசாதபடி வெளிச்சம் கீழ இறங்கியே இருக்கணும், இல்லைன்னா டிரைவர் இறக்குற மாதிரி இருக்கணும்.

சுமையும் வளைவும்

வளைவுல வண்டி திரும்புறதுக்கு முன்னாடி வெளிச்சம் திரும்பாது. இதுக்காக 1967-ல பிரான்ஸோட சிட்ரோயன் டிஎஸ் கார்ல, ஸ்டியரிங் திரும்பினா விளக்கும் கூடவே திரும்புற மாதிரி வச்சாங்க. நம்ம பிக்கப்புக்கு அந்த வசதி கிடையாது. கொண்டை ஊசியில நேர் வெளிச்சம் பள்ளத்தாக்குப் பக்கம் போயிடும், ரோடு இருட்டுல கிடக்கும். வாட்ஸைக் கூட்டினாலும் பள்ளத்தாக்குதான் இன்னும் நல்லாத் தெரியும்.

இன்னொண்ணு சுமை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல சுமார் 2.7 மீட்டர்னு வச்சுக்குங்க. சுமையில பின்பக்கம் 5 சென்டிமீட்டர் அமுங்கினா 10 மீட்டர் தூரத்துல வெளிச்சம் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் மேல எழும்பும். காலி வண்டியில சரியா 10 சென்டிமீட்டர் இறக்கி வச்ச விளக்கு, சுமை ஏத்தினதும் 8 சென்டிமீட்டர் மேல பார்க்கும். டிம்லயே எதிர் வண்டிக்காரன் கண்ணை மறைச்சுடும். அந்த நொடியில அவனுக்கு ஓரச்சுவரும் தெரியாது, ஓரமா நடந்து போறவனும் தெரியாது.

எச்4-க்குச் செஞ்ச டூமுல எல்இடி பல்பு மாட்டுறதுல இருக்கிற சிக்கலும் இதுதான். இழையும் கிண்ணமும் இருந்த அதே இடத்துல எல்இடி உக்காரலைன்னா, வெட்டின மாதிரி நிக்க வேண்டிய கோடு சிதறிப் போகும். மூடுபனியில பிரைட் போட்டா வெள்ளைச் சுவர் மாதிரி ஆயிடும்ங்கிறது நம்ம மலையில எல்லாருக்கும் தெரியும். சிதறின டிம்மும் அதே வேலையைத்தான் செய்யும்.

மாத்துறதும் செட்டிங்கும்

வெளிச்சம் மங்கினா உடனே பெரிய பல்புக்குப் போகாதீங்க. முதல்ல ரிஃப்ளெக்டரைப் பாருங்க. அது கருத்துப் போயிருந்தா எந்தப் பல்பு போட்டும் பிரயோசனமில்ல, டூமை மாத்துங்க. 7 அங்குல சீல்டு பீம் இருந்த இடத்துல எச்4 டூம் உக்காரும், மூணு பின் ஹோல்டரும் பொருந்தும். எர்த் வயர் முனையை உப்புத்தாள்ல தேய்ங்க. பழைய சுவிட்சு வழியா வர்ற கரண்டு குறைஞ்சுதான் வரும். பேட்டரியில இருந்து ஃபியூஸ், ரிலே வச்சு நேரா இழுத்தா சாதாரண 60/55 வாட்ஸ் பல்பே பளிச்சுன்னு எரியும். 100/90 போட்டா பழைய வயரும் ஹோல்டரும் சூடேறி உருகும். ஹாலஜன் பல்போட கண்ணாடியை விரலால தொடக்கூடாது. தொட்டா எண்ணெய் ஒட்டி, அந்த இடம் சூடேறிச் சீக்கிரம் போயிடும்.

செட்டிங்குக்குச் சமதளம் வேணும். மலையில அதுக்குத் தோதான இடம் மிளகு காயப்போடுற சிமென்ட் களம்தான். டயர்ல காத்து சரியா வச்சு, வழக்கமா ஏத்துற அளவு சுமையும் ஏத்தி, சுவருக்கு நேரா 10 மீட்டர்ல வண்டியை நிறுத்துங்க. தரையில இருந்து விளக்கோட நடு உயரத்தை அளந்து சுவர்ல சாக்பீஸால கோடு போடுங்க. அதுக்கு 10 சென்டிமீட்டர் கீழ இன்னொரு கோடு. டிம் போட்டா வெளிச்சத்தோட மேல் விளிம்பு கீழ்க்கோட்டுல நிக்கணும். களம் 5 மீட்டர்தான்னா 5 சென்டிமீட்டர். வட்ட விளக்குல மேல இருக்கிற திருகு ஏத்தி இறக்க, பக்கத்துல இருக்கிறது இடம் வலம் நகர்த்த. ஒரு விளக்கைத் துணி போட்டு மூடிட்டு இன்னொண்ணைப் பாருங்க. மேல ஏறுற பக்கம் இடப்பக்கமா இருக்கான்னு கடைசியில ஒரு தடவை சரிபார்த்துக்குங்க. வலப்பக்கம் ஓட்டுற நாட்டுக்குச் செஞ்ச டூமா இருந்தா அது எதிர் வண்டிக்காரன் கண்ணுல ஏறும்.

எவ்வளவு சரியா வச்சாலும், கீழ் வளைவுல இருந்து ஏறுற வண்டியோட வெளிச்சம் மேல நிக்கிறவன் முகத்துல படத்தான் செய்யும். அதனால வளைவுக்கு முன்னாடியே டிம் போடுங்க. ரோடு குறுகின இடத்துல ஏறுற வண்டிக்கு இறங்குறவன் வழி விடணும்னு 2017 வரைக்கும் இருந்த 1989 சாலை ஒழுங்கு விதியும் சொன்னது. இந்த அறுவடைக்குச் சுமை ஏத்துறதுக்கு முன்னாடி, ஒரு சாயங்காலம் களத்துல வண்டியை நிறுத்திக் கோடு போட்டுப் பாருங்க. அரை மணி நேர வேலை.