புளூ ரிட்ஜ் பார்க்வே

புளூ ரிட்ஜ் பார்க்வே, அமெரிக்காவின் வர்ஜீனியா, வட கரோலினா மாநிலங்களில் அப்பலாச்சிய மலை முகடுகளை ஒட்டிச் செல்லும் 755 கி.மீ. நீள இயற்கைக்காட்சிச் சாலை. இலையுதிர்கால நிறமாற்றத்தைக் காணச் செல்லும் பயணத்தடங்களில் புகழ்பெற்றது. ஷெனண்டோவா, கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காக்களை இணைக்கிறது. சரக்கு வாகனங்களுக்கு அனுமதியில்லை. உச்ச வேகம் பெரும்பாலும் மணிக்கு 72 கி.மீ.

சாலையின் தனிச்சிறப்பு அதன் உயர வேறுபாடே. ஜேம்ஸ் ஆற்றருகே சுமார் 200 மீட்டரில் இருக்கும் பாதை, ரிச்லண்ட் பால்சம் அருகே 1,845 மீட்டரை எட்டுகிறது. உயரமான இடங்களில் செப்டம்பர் இறுதியில் தொடங்கும் நிறமாற்றம் படிப்படியாகக் கீழிறங்கி, தாழ்வான சரிவுகளை நவம்பர் தொடக்கத்தில் அடைகிறது. ஆகவே ஒரே நாள் பயணத்தில் பருவத்தின் பல கட்டங்களைக் காணலாம். பகல் குறுகும்போது பச்சையம் சிதைய, இலையில் முன்பே உள்ள கரோட்டினாய்டுகள் டியூலிப் பாப்லர், ஹிக்கரி மரங்களுக்கு மஞ்சள் நிறம் தருகின்றன. செம்மேப்பிள், சோர்வுட் மரங்களின் சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் அப்போதுதான் புதிதாக உருவாகிறது. வெயிலுள்ள பகலும் உறைபனியில்லாத குளிர் இரவும் அதை மிகுவிக்கும்.

ரூஸ்வெல்ட் ஆட்சியின் வேலைவாய்ப்புத் திட்டங்களுள் ஒன்றாகக் கட்டுமானம் 1935-இல் தொடங்கியது. கிராண்ட்ஃபாதர் மலையின் பாறைச்சரிவைக் குடையாமல் அதைச் சுற்றி வளையும் லின் கோவ் மேம்பாலத்துடன் 1987-இல் சாலை முழுமையடைந்தது. சூழலுக்கு ஊறின்றிப் பாலம் அமைத்ததற்கு இது சிறந்த சான்று. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலினாப் பகுதியைக் கடுமையாகச் சேதப்படுத்தியதால், அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் பல பிரிவுகள் மூடப்பட்டிருந்தன.