கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

தெற்கு நோக்கி ஓடிவரும் காவிரி கொடுமுடியில் கிழக்காகத் திரும்புகிறது. தண்ணீர் இறங்கிவிடும் கோடை மாதங்களில் அங்கே மணல் தலைதூக்கும். மாலை வேளைகளில் சிறுவர்கள் அந்த மணலில் கால்பந்து ஆடுவார்கள். நான்கு செருப்புகள்தாம் நான்கு கம்பங்கள். எல்லைக்கோடு கிடையாது, விசில் கிடையாது. பொழுது சாய்ந்தால் ஆட்டம் முடிந்தது. சென்ற கோடையில் ஒரு மாலை, பந்து செருப்புக்கு உள்ளே போயிற்றா மேலே போயிற்றா என்று வாக்குவாதம் முற்றியது. அதுவரை பேசாமல் நின்ற ஒரு பையன், "போங்கு ஆட்டம் ஆடாதீங்கடா" என்றான். அவன் எதிரணிக்காரன் அல்லன். கோல் என்று கத்திக்கொண்டிருந்த அணியைச் சேர்ந்தவன். பந்தை நடுவில் வைத்து மறுபடியும் தொடங்கினார்கள்.

தமிழிலக்கியம் கற்பித்துப் பிழைக்கும் நமக்கு அந்தச் சொல் இரண்டு நாள் காதில் நின்றது. விளையாட்டு அறம் என்று மேடையில் முழங்கும்போது ஆங்கிலச் சொல்லைத் தேடி எடுத்து மொழிபெயர்க்கிறோம். நம் தெருப்பிள்ளைகளிடமோ அதற்கென ஒரு சொற்களஞ்சியமே இருக்கிறது. ஏமாற்றி ஆடினால் போங்கு. தோல்வியைத் தாங்காமல் ஆட்டத்தைக் கலைத்தால் அழுகுணி ஆட்டம். ஆடத் தெரியாத சின்னப் பிள்ளையை அழவிடாமல் சேர்த்துக்கொண்டு, ஆனால் கணக்கில் கொள்ளாமல் விட்டால் அவன் ஒப்புக்குச் சப்பாணி. அணி பிரிப்பதற்கும் ஒரு முறை இருந்தது. சம வலிமை உள்ள இருவர் தோளில் கைபோட்டுக்கொண்டு ஒதுங்கிப் போய், ஒருவன் புளியமரம், ஒருவன் வேப்பமரம் என்று இரகசியப் பெயர் சூட்டிக்கொண்டு வருவார்கள். எது வேண்டும் என்று தலைவர்களைக் கேட்பார்கள். எந்தப் பெயருக்குள் எவன் இருக்கிறான் என்று தலைவனுக்குத் தெரியாது. இதுதான் உத்தி பிரித்தல். சட்டப் புத்தகம் இல்லாமலே நேர்மையை ஆட்டத்தின் கட்டமைப்புக்குள் வைத்துத் தைத்த முறை இது. சடுகுடுக்கும் இதுதான், பந்துக்கும் இதுதான்.

இன்று உலகை ஆளும் கால்பந்தும் இப்படி நடுவர் இல்லாமல்தான் தொடங்கிற்று என்பதைப் பலர் அறியமாட்டார்கள். 1863ஆம் ஆண்டு இலண்டனில் கூடி எழுதப்பட்ட முதல் பதின்மூன்று விதிகளில் நடுவர் என்ற பேச்சே இல்லை. தகராறு வந்தால் இரண்டு அணித்தலைவர்களும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். பின்னர் அணிக்கு ஒருவராக இரண்டு மேற்பார்வையாளர்கள் வந்தார்கள். அவர்கள் ஒத்துப்போகாதபோது கேட்பதற்கென்று மூன்றாமவர் ஒருவர் எல்லைக்கு வெளியே நின்றார். 1891இல்தான் அந்த மூன்றாமவர் திடலுக்குள் இறங்கி முழு அதிகாரம் பெற்றார். மற்ற இருவரும் கோட்டோரம் ஒதுங்கினார்கள்.

அதே 1891இல் வந்ததுதான் பெனால்டி உதை. அயர்லாந்தின் மில்ஃபோர்ட் என்ற ஆலை ஊரில் கோல் காத்துவந்த வில்லியம் மெக்ரம் என்பவரின் யோசனை அது. ஆலை முதலாளியின் மகனான அவர், கோல் விழப்போகும் நேரத்தில் எதிராளியை வேண்டுமென்றே இடறிவிடுவதைக் கண்டு சலித்துப்போய் இதை எழுதினார். இங்கிலாந்தின் கனவான் ஆட்டக்காரர்கள் கொதித்துப்போனார்கள். வேண்டுமென்றே தவறு செய்வான் என்று எங்களைப் பற்றி ஒரு விதி முன்கூட்டியே நினைக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. சி. பி. ஃப்ரை போன்ற புகழ்பெற்றவர்கள் இதைத் தங்கள் குலத்துக்கு நேர்ந்த அவமதிப்பாகவே கருதினார்கள். கொரிந்தியன் கழகத்தார் தமக்குக் கிடைத்த பெனால்டியை வேண்டுமென்றே வெளியே உதைப்பார்கள் என்றும், எதிரணிக்குக் கிடைத்தால் அவர்களுடைய கோல்காப்பாளர் கம்பத்தில் சாய்ந்துகொண்டு வழிவிடுவார் என்றும் சொல்வார்கள்.

இந்தக் கனவான் தன்மையை நாம் அளவுக்கு மீறி வியக்க வேண்டியதில்லை. வாரமெல்லாம் ஆலையில் உழைத்துவிட்டுச் சனிக்கிழமைப் பிற்பகலில் ஆடியவனுக்குத் தோல்வியின் விலை வேறு, கொரிந்தியனுக்கு வேறு. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. தீர்ப்பு வெளியே போனவுடன் அறமும் மெல்ல வெளியே போகத் தொடங்கியது. விசில் ஊதினால் தவறு, ஊதாவிட்டால் சாமர்த்தியம். 1986ஆம் ஆண்டு சூன் 22 அன்று மெக்சிகோவில் மரடோனா கையால் தட்டிப் போட்ட கோலை உலகமே பார்த்தது, துனீசிய நடுவர் அலி பின் நாசர் மட்டும் பார்க்கவில்லை. அது கோல் ஆயிற்று.

நடுவர் என்ற நம் சொல்லில் நடு இருக்கிறது. திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரம் நடுவுநிலைமை. வள்ளுவர் அதை நீதிமன்றத்தில் இருப்பவனுக்கு மட்டும் வைக்கவில்லை. வணிகனுக்கும் அங்கே இடம் உண்டு. திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபாதேவி 2016இல் ஃபிஃபாவின் பன்னாட்டு நடுவர் பட்டியலில் இடம்பெற்றபோது நாம் மகிழ்ந்ததற்கு அவர் தமிழகத்துப் பெண் என்பது ஒரு காரணம். அந்தப் பழைய சொல்லைக் கழுத்தில் விசிலோடு ஒருவர் திடலில் சுமந்து ஓடுகிறார் என்பது இன்னொரு காரணம். ஆனால் நடுவு முழுவதையும் நடுவர் ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் கைகழுவிக்கொண்ட கதைதான் கால்பந்தின் பிற்கால வரலாறு.

இந்தியாவுக்கு வருவோம். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய நம் அணி, இரண்டு பெனால்டிகளை வீணடித்து, சாரங்கபாணி ராமன் போட்ட ஒரே கோலோடு பிரான்சிடம் 2-1 என்று தோற்றது. நாம் அதிகம் பேச வேண்டியது 1962ஐப் பற்றி.

அவ்வாண்டு ஆசிய விளையாட்டு ஜகார்த்தாவில் நடந்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா உள்ளே விடவில்லை. அழைக்கப்பட வேண்டியவர்களை அழைக்காமல் நடத்துவதற்கு ஆசிய விளையாட்டு என்ற பெயர் பொருந்தாது என்று வாதிட்டவர் இந்தியாவின் குரு தத் சோந்தி. விளைவு, இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. சோந்தி நாட்டைவிட்டுக் கிளம்ப நேர்ந்தது. அவர் சொன்னது சரி என்றே நாம் கருதுகிறோம். ஆனால் அவர் போன பிறகும் நம் கால்பந்து அணி அங்கேயே இருந்தது. இறுதியாட்டம் மிச்சம் இருந்தது.

செப்டம்பர் 4. செனாயன் அரங்கில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர். இந்தியாவின் பெயரைக் கேட்டாலே கூச்சல். எதிரே தென்கொரியா, தொடக்கச் சுற்றில் நம்மை 2-0 என்று வீழ்த்திய அதே அணி. நம் அணியின் தடுப்பாட்டக்காரர் ஜர்னெயில் சிங்குக்கு முந்தைய ஆட்டமொன்றில் தலை பிளந்து தையல் போட்டிருந்தது. அவரை முன்னணியில் நிறுத்தினார் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம். அவரோ புற்றுநோயால் உள்ளுக்குள் அரிக்கப்பட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு சூன் மாதம் மறைந்தார். கோலில் பீட்டர் தங்கராஜ். அந்தக் குழுவில் எத்திராஜ், அருமைநாயகம் என்று நம் காதுக்குப் பழகிய பெயர்கள் இன்னும் இருந்தன. பதினேழாம் நிமிடம் பி. கே. பானர்ஜி, இருபதாம் நிமிடம் ஜர்னெயில் சிங். கொரியா கடைசியில் ஒன்று திருப்பியது. 2-1, தங்கம். அந்தப் பேரிரைச்சலில் இந்தியாவுக்காகக் குரல் கொடுத்த ஒரு சிறு கூட்டம் பாகிஸ்தான் ஹாக்கி அணி என்று அந்த ஆட்டக்காரர்கள் பின்னாளில் நெகிழ்ந்து நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஹாக்கி இறுதியாட்டத்தில் நம்மை வென்றவர்கள் அவர்கள்தாம்.

இந்தப் படத்தில் யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். அழைப்பை மறுத்தது ஓர் அரசு. எதிர்த்தது ஓர் அதிகாரி. கல்லெறிந்தது ஒரு கும்பல். வசை வாங்கியது பதினொரு பேர். கொரிய ஆட்டக்காரர்களுக்கும் இதில் சம்பந்தமில்லை.

1980 ஆகஸ்டு 16, கல்கத்தா ஈடன் தோட்டம், மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும். இரண்டு ஆட்டக்காரர்கள் மோதிக்கொண்டு வெளியேற்றப்பட்டார்கள். அவ்வளவுதான் திடலில் நடந்தது. பார்வையாளர் மாடத்தில் மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் பதினாறு பேர் மாண்டார்கள். கால்பந்து ஆர்வலர் நாளாக அந்தத் தேதியில் வங்காளத்தில் குருதிக்கொடை நடக்கிறது.

அண்மைக் காலத்து வழக்கு ஒன்று நம் நண்பர்களிடையே இன்னும் ஓயவில்லை. 2023 மார்ச் 3, பெங்களூர் கண்டீரவா அரங்கம். கேரளா பிளாஸ்டர்சுக்கும் பெங்களூருக்கும் வெளியேற்றுச் சுற்று. கூடுதல் நேரத்தில் பெங்களூருக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. கேரளத்தார் தடுப்புச் சுவர் அமைத்து முடிப்பதற்குள் சுனில் சேத்ரி பந்தை வலைக்குள் அனுப்பிவிட்டார். நடுவர் கோல் என்றார். விதி அதற்கு இடம் தருகிறது. விரைந்து உதைப்பது தவறு செய்யப்பட்ட அணியின் உரிமை. பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தம் ஆட்டக்காரர்களை வெளியே அழைத்துக்கொண்டார். ஆட்டம் அத்தோடு முடிந்தது. கழகத்துக்கு நான்கு கோடி ரூபாய் அபராதமும் பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடையும் விதிக்கப்பட்டன. இரு தரப்பும் பிறகு வருத்தம் தெரிவித்தன.

சேத்ரி செய்தது போங்கா? பாலக்காட்டுப் பக்கத்து நண்பர் ஒருவர் ஆம் என்று நம்மோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தார். நாம் இல்லை என்கிறோம். தெருப்பிள்ளைகளின் சட்டத்திலும் எதிராளி அசந்திருக்கும்போது உதைப்பது போங்கு ஆகாது. அசந்தது அவன் பிழை. ஆனால் ஆட்டத்தைக் கலைத்துவிட்டுப் போவதற்கு அதே சட்டத்தில் அழுகுணி என்று பெயர் இருக்கிறது. நம்மை உறுத்துவது வேறு. அன்று வெளியே நடந்து போனவர்களில் எத்தனை பேர் மனத்தால் போனார்கள்? கூப்பிட்டவர் கோட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே நின்றவர்கள் கீழ்ப்படிந்தார்கள். அந்தப் பருவத்தில் அவர்களுக்கு மிச்சமிருந்த நிமிடங்கள் அவர்களுடையவை.

நிருவாகிகளைப் பற்றி நீட்டி எழுதக் கை வரவில்லை. ஃபிஃபாவின் ஒழுக்க நெறிமுறைகள் 2004இல் எழுதப்பட்டுப் பலமுறை திருத்தப்பட்டன. 2015இல் அதன் தலைவர் செப் பிளாட்டரே அதே நெறிமுறைகளின்படி விலக்கப்பட்டார். இங்கே, பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிந்த பிறகும் தேர்தல் நடத்தாமல் நாற்காலியில் இருந்தவர்களை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் இறக்கி ஒரு குழுவை அமர்த்தியது. வெளியார் தலையீடு என்று சொல்லி ஃபிஃபா ஆகஸ்டில் இந்தியச் சம்மேளனத்தையே இடைநீக்கம் செய்தது. பன்னிரண்டு நாளுக்குள் தடை நீங்கிவிட்டது, பெரிய பாதிப்பில்லை என்று எழுதினார்கள். கோகுலம் கேரளா மகளிர் அணி அந்த நாள்களில் ஆசியக் கழகப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தானில் இருந்தது. ஆடாமல் திரும்பி வந்தார்கள். யாருடைய நாற்காலிக்காக என்று அந்தப் பெண்களுக்கு எவரும் விளக்கியிருப்பார்களா?

இவ்வளவு எழுதிவிட்டு நம் கதையைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

இருபது ஆண்டுகளுக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கல்லூரிக்கிடைக் கால்பந்துப் போட்டிக்கு அணியோடு பொறுப்பாசிரியராக அனுப்பப்பட்டோம். உடற்கல்வி இயக்குநர் விடுப்பில் இருந்தார். ஆட்டக்காரர்களின் புகைப்படம் ஒட்டிய படிவத்தில் இவர்கள் எம் மாணவர்களே என்று நாம் கையெழுத்திட வேண்டும். கல்லூரியின் பெயர் வேண்டாம். அங்கே முதலாண்டு மாணவர் எவராயினும் பகுதி ஒன்று தமிழுக்கு நம் வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும். படிவத்தில் இருந்த ஒரு முகம் எந்த வகுப்பிலும் உட்கார்ந்ததில்லை. பெயர் நம் மாணவன் ஒருவனுடையது, முகம் வேறொருவனுடையது. விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்யும் பையன் என்று பேருந்தில் தெரிந்தது. மேலிடத்தில் தெரிந்துதான் நடக்கிறது என்று சொன்னார்கள். நமக்குத் தகுதிகாண் பருவம் முடியவில்லை. கையெழுத்திட்டோம்.

அற்புதமாக ஆடினான். இறுதியாட்டத்தின் ஒரே கோல் அவனுடையது. ஒலிபெருக்கியில் பெயரை அறிவித்தபோது ஒரு நொடி தாமதித்தே திரும்பினான். அவனுக்கு முந்நூறு ரூபாயும் ஒரு பிரியாணிப் பொட்டலமும் கொடுத்தார்கள்.

எதிரணித் தலைவன் சேறு காயாத கால்களோடு நம்மிடம் வந்தான். நடுவரிடம் போகவில்லை; நம்மிடம் வந்தான்.

"சார், ஒன்பதாம் நெம்பர் உங்க காலேஜ் பையனுங்களா?"

"ஆமாம்" என்றோம்.

நம் முகத்தைச் சற்று நேரம் பார்த்தான். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தன் அணியிடம் திரும்பிப் போனான்.