வெள்ளைக் கவசத்தின் அச்சுகள்

1977ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தில் ஸ்டார்ம்ட்ரூப்பர் எனப்படும் பேரரசுப் படைவீரர்கள் அணிந்த வெள்ளைக் கவசம், ஜார்ஜ் லூகாஸின் கற்பனையிலும் ரால்ஃப் மெக்குவாரியின் ஓவியங்களிலும் தோன்றியதாயினும், மனிதர் அணியக்கூடிய பொருளாக உருப்பெற்றது இங்கிலாந்தில்தான். தலைக்கவசத்துக்கு நிக் பெம்பர்ட்டனும் உடற்கவசத்துக்கு பிரையன் மூயரும் களிமண்ணில் மாதிரிகள் வனைந்தனர். லூகாஸ் நிறைவடையும்வரை பலமுறை திருத்தப்பட்ட தலைக்கவச மாதிரி, பின்னர் ட்விக்கென்ஹாமில் பட்டறை நடத்திய ஆண்ட்ரூ எய்ன்ஸ்வொர்த்திடம் சென்றது. அவர் முதலில் சில முன்மாதிரிகளைச் செய்துகாட்டி, ஒப்புதல் கிடைத்தபின், படப்பிடிப்புக்காக 50 தலைக்கவசங்களை உருவாக்கினார்.

அவர் கையாண்டது வெற்றிட வார்ப்பு என்னும் முறையாகும். சூடேற்றி இளக்கிய பிளாஸ்டிக் தகட்டை ஓர் அச்சின்மேல் போர்த்தி, இடையிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால், வெளிக்காற்றின் அழுத்தமே தகட்டை அச்சோடு படியவைக்கும். இவ்வாறு கிடைக்கும் விசை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் மட்டுமே என்பதால், இரும்பு அச்சு தேவைப்படுவதில்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் எனப்படும் சுதைப்பொடியில் வார்த்த அச்சே சிறு எண்ணிக்கைக்குப் போதுமானது. ஜிப்சம் என்னும் கனிமத்தைச் சுமார் 150 டிகிரி செல்சியஸில் சுட்டால் அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு வெளியேறி இப்பொடி கிடைக்கிறது. மீண்டும் நீர் சேர்த்தவுடன் இறுகத் தொடங்கி, இறுகும்போது சற்றே விரிவதால், களிமண்ணில் பதிந்த விரல்ரேகையைக்கூட அது பிசகாமல் பெற்றுக்கொள்கிறது. ஆயினும் வார்த்த அச்சை நன்கு உலர்த்தாவிட்டால் எஞ்சிய ஈரம் வெப்பத்தில் ஆவியாகிப் பரப்பைக் கெடுக்கும். காற்று அகப்பட்டுக்கொள்ளும் பள்ளங்களில் நுண்துளைகள் இடாவிட்டால் தகடு அடிவரை இறங்காது.

இம்முறையின் எல்லைகளே அக்கவசத்தின் தோற்றத்தில் பெரும்பங்கு வகித்தன என்பது கூர்ந்து நோக்குவோர்க்குப் புலப்படும். உட்புறமாக மடங்கிச் செல்லும் வடிவத்தின்மேல் தகடு படிந்து குளிர்ந்துவிட்டால் அதை அச்சிலிருந்து கழற்ற இயலாது. ஆகவே முழுத் தலையையும் சூழும் கவசத்தை ஒரே வார்ப்பில் எடுக்க வழியில்லாமல், முகப்பகுதி தனியாகவும் உச்சியும் பின்புறமும் சேர்ந்த பகுதி தனியாகவும் வார்க்கப்பட்டுப் பின் இணைக்கப்பட்டன. பக்கவாட்டு இணைப்பைக் காதுமூடிகளும் நெற்றிப்பகுதி இணைப்பை ஒரு ரப்பர்ப் பட்டையும் மறைத்தன. பார்வையாளர் படைவீரனின் அணிநலன் என்று கருதுவதில் ஒரு பகுதி, உண்மையில் கைவினைஞர் இணைப்பை மறைத்த திறமேயாகும்.

பல ஆண்டுகளுக்குப் பின் எய்ன்ஸ்வொர்த் அக்கவசங்களின் பிரதிகளை விற்கத் தொடங்கியபோது லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. தலைக்கவசத்தை வடிவமைத்தவர் தாமே என்ற அவருடைய வாதத்தை 2008இல் லண்டன் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. பெம்பர்ட்டனின் களிமண் மாதிரியே அதற்கு மூலம் என அது முடிவுசெய்தது. எனினும் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டத்தின் பொருளில் தலைக்கவசம் சிற்பமாகுமா என்னும் கேள்வியில் நிறுவனமே தோற்றது. கலைக்கூடத்தில் காட்சிக்கு வைத்த செங்கல் குவியல் சிற்பமாகலாம், வீடு கட்டுவதற்காக வாசலில் கொட்டிய அதே குவியல் ஆகாது என்று நீதிபதி மான் விளக்கினார். உச்ச நீதிமன்றம் 2011 ஜூலை 27 அன்று இம்முடிவை உறுதிசெய்து, கலைப்படைப்பு என்பது திரைப்படமே, தலைக்கவசம் அதை உருவாக்கப் பயன்பட்ட பொருள் என்று தீர்ப்பளித்தது. அதேவேளை, அமெரிக்கப் பதிப்புரிமையை எய்ன்ஸ்வொர்த் மீறியது குறித்து இங்கிலாந்து நீதிமன்றத்திலேயே வழக்காடலாம் என்றும் கூறியது.

அத்தீர்ப்பு சட்டச் சொல் ஒன்றின் எல்லையை வரையறுத்ததேயன்றி, களிமண்ணையும் சுதையையும் கையாண்டவர்களின் ஆற்றலை அளந்ததாகாது. அப்படத்தின் ஆடை வடிவமைப்புக்கான ஆஸ்கர் விருது ஜான் மோல்லோவுக்குத் தகுதியாகவே கிடைத்தது. திரை ஆடைகளின் வரலாற்றை எழுதுவோர் அவர் பெயருக்கு அருகில் பெம்பர்ட்டன், மூயர், எய்ன்ஸ்வொர்த் ஆகியோரின் பெயர்களையும், அவரவர் செய்த பணியைப் பிரித்துக் காட்டி, எழுதவேண்டும்.